மாடு வைத்திருக்கீங்களா என்று கேளுங்கள்: பெங்களூரு டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

அல்சூர், சிவாஜிநகர், கே.ஆர்.புரம் பக்கம் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்களுக்கு வணக்கம்.

நாள்பட்ட காய்ச்சலோடு ஒருவர் வந்தால், அது ஆடு மாடுகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் புருசெல்லா என்ற கிருமியாலும் இருக்கலாம். தயவுசெய்து இதையும் கேளுங்கள்: வீட்டில் மாடு, ஆடு இருக்கா, பச்சைப்பால் குடிப்பீங்களா, சமீபத்தில் எந்த மாடாவது கன்று வீசியதா, அதாவது குறைமாதத்தில் கரு கலைந்ததா?

என் சித்தப்பா கே.ஆர்.புரத்தில் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரி சட்டையைப் பிழியலாம் அவ்வளவு வியர்வை, இடுப்பு வலியில் கறக்கக் குத்தவைத்து உட்கார முடியவில்லை. டைபாய்டுக்கான வைடால் ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள், டைபாய்டு என்று மாத்திரை கொடுத்தார்கள், குறைந்தது, திரும்ப வந்தது, அப்புறம் டிபியாக இருக்குமோ என்று எக்ஸ்ரே. சில வாரம் முன்னால் அவர் மாடு ஏழாம் மாதத்தில் கன்று வீசியதையும், நஞ்சுக்கொடியை அவர் வெறுங்கையால் இழுத்துப் போட்டதையும் யாரும் கேட்கவில்லை. அதற்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தம் உண்டு என்று அவருக்கு எப்படித் தெரியும்? கடைசியில் மாடு பார்க்க வந்த கால்நடை டாக்டர்தான் புருசெல்லாவுக்கு ரத்தம் பார்க்கச் சொன்னார்.

இது புதுக் கிருமியே இல்லை. 1887இல் மால்டாவில் டேவிட் புரூஸ் கண்டுபிடித்தது. ஆட்டுப்பால் வழியாக மனிதருக்கு வருகிறது என்பது 1905இலேயே தெமிஸ்டோக்ளிஸ் ஜம்மித் கண்டறிந்தது. ஆட்டில் பெரும்பாலும் மெலிடென்சிஸ் என்ற வகை, மாட்டில் அபார்ட்டஸ் என்ற வகை. நம் செல்லுக்குள்ளேயே புகுந்து இருந்துகொள்வதால் ஒற்றை மருந்துக்கு அடங்காது. டாக்சிசைக்ளினை ரிஃபாம்பிசினுடனோ ஊசி மருந்துடனோ சேர்த்து வழக்கமாக 6 வாரம் கொடுக்கிறீர்கள். காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்திவிடுவார்கள், அதனால் ஏன் 6 வாரம் என்பதை உட்காரவைத்துச் சொல்லுங்கள். முதுகெலும்பு, விதைப்பை, சில சமயம் இதய வால்வு வரைக்கும் போகிற நோய் இது.

ரத்தத்தைக் கல்ச்சருக்கு, அதாவது லேப்பில் கிருமியை வளர்த்துப் பார்க்க, அனுப்பினால் சீட்டிலேயே புருசெல்லா சந்தேகம் என்று எழுதிவிடுங்கள், லேப்பில் வேலை செய்கிறவர்களுக்கே தொற்றுகிற கிருமி. பாலைப் பொங்கக் காய்ச்சச் சொல்லுங்கள். 4 முதல் 8 மாத கிடேரிக் கன்றுகளுக்கு 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் தடுப்பூசி உண்டு என்பதையும் சொல்லுங்கள், கன்றுக்குட்டி வைத்திருக்கிற நிறையப் பேருக்கு அது தெரியவில்லை.

அதே பாலைக் குடித்தவர்களையும் அதே தொழுவத்தில் சாணி அள்ளுகிறவர்களையும் வரவழைத்துப் பாருங்கள். மூட்டு வலியை வயசுக் கோளாறு என்று சொல்லிக்கொண்டிருந்த எங்கள் சித்திக்கும் பாசிட்டிவ்தான் வந்தது.