பெட்டகத்தில் வைக்க எந்த நாணயங்கள்? – மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சென்ற வாரம் தொலைபேசியில் பேசியபோது, பேத்தியின் 25-ஆம் பிறந்தநாளில் திறப்பதற்கென்று வீட்டில் ஒரு காலப் பெட்டகம் வைக்கலாம் என்று சொன்னாய். அதில் எந்த நாணயங்களை வைப்பது என்பதை என் பொறுப்பில் விட்டுவிட்டாய். அன்று சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். பத்து நாட்களாக அலமாரியையும் பழைய பைகளையும் துழாவி, மேசை மேல் பரப்பி, எடுப்பதும் வைப்பதுமாக இருந்த பிறகுதான் எனக்கே ஒரு தெளிவு வந்தது. அதை எழுதிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.

முதலில் பழைய பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்கு 8 வயது இருக்கும்போது கொல்லைச் சுவரை ஒட்டி நாம் இருவரும் புதைத்த தகரப் பெட்டி உனக்கு நினைவிருக்கும். பத்து ஆண்டுகள் கழித்துத் தோண்டி எடுத்தபோது அடித்தகடு துருவாக உதிர்ந்தது. புகைப்படங்கள் ஈரத்தில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பெரியவளானதும் படிக்க வேண்டும் என்று நீ பேனாவால் எழுதிய கடிதம் வெறும் நீலக் கறையாகியிருந்தது. என்ன எழுதினாய் என்பது உனக்கும் நினைவில்லை என்றாய். வேறெதுவும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாய். அந்தக் கடிதம் போனது என் கவனக்குறைவால்தான் என்பதை இத்தனை ஆண்டுகளாக உன்னிடம் சொல்லாமல் இருந்தேன், இப்போது சொல்கிறேன். மண்ணுக்குள் நீர் புகாமல் இருக்காது என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

பெரிய ஏற்பாடுகளுக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் டல்சா நகரத்தில் 1957-இல் புத்தம் புதிய பிளைமவுத் கார் ஒன்றை, அணுகுண்டே விழுந்தாலும் தாங்கும் என்று சொல்லிக் கட்டிய கான்கிரீட் அறைக்குள் வைத்துப் புதைத்தார்கள். 2007-இல் திறந்தபோது அறைக்குள் தண்ணீர் நின்றிருந்தது; கார் முழுவதும் துருவேறிக் கிடந்தது. ஆகையால் நம்முடைய பெட்டகம் இந்த முறை மண்ணுக்குள் போகாது. வீட்டின் உட்சுவரை ஒட்டிய அலமாரியில், தரையிலிருந்து உயரத்தில், வெயிலும் தண்ணீர்க் குழாயும் அருகில் இல்லாத இடத்தில் இருக்கும்.

இப்போது நாணயங்களுக்கு வருகிறேன். அழகான உறையில் போட்டு விற்கும் நினைவு வெளியீட்டு நாணயங்களை வாங்கி வைத்துவிடலாமா என்று முதலில் எனக்கும் தோன்றியது. வேண்டாம் என்று முடிவு செய்தேன். அவை யார் கையிலும் புழங்காதவை. ஒரு நாளும் எதையும் வாங்காதவை. பேத்திக்குப் போய்ச் சேர வேண்டியவை, அவள் பிறந்த ஆண்டில் நம் பைகளிலும் மேசை இழுப்பறைகளிலும் கிடந்து, விளிம்பு தேய்ந்து, எழுத்து மழுங்கிய நாணயங்கள்தான். அவள் பிறந்த அன்று மருத்துவமனை வாசலில் நான் நீட்டிய பணத்துக்கு மீதியாக வந்த மூன்று நாணயங்களைச் செலவழிக்காமல் தனியே வைத்திருந்தேன். அவைதான் முதலில் உள்ளே போகின்றன. அதோடு, இன்று புழக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு மதிப்பிலும் ஒன்று. நீங்கள் வாழும் நாட்டின் நாணயங்களிலிருந்து நீ அனுப்பப்போகும் ஒரு தொகுதி. நான் சிறுவனாக இருந்தபோது புழங்கிப் பின் மறைந்துபோன சிறு காசு ஒன்று. பதினைந்துக்கு மேல் போகக் கூடாது என்று எனக்கு நானே வரையறை வைத்திருக்கிறேன். குவியலாக வைத்தால் ஒன்றையும் நின்று பார்க்க மாட்டார்கள்.

அவள் பிறந்த ஆண்டு பொறித்த நாணயம் அவசியம் வேண்டும் என்றாய். தேடிப் பார்க்கிறேன். ஆனால் நாணயத்தில் உள்ள ஆண்டு எப்போதும் அது அடிக்கப்பட்ட ஆண்டு அல்ல என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்திரிய அரசி மரியா தெரசாவின் வெள்ளி நாணயம் அவர் இறந்த 1780-ஆம் ஆண்டைத் தாங்கியே அதற்குப் பிறகும் தலைமுறை தலைமுறையாக அடிக்கப்பட்டு வந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் அடித்த, பைன் மரம் பொறித்த ஷில்லிங் என்ற வெள்ளி நாணயங்களும் அப்படியே. ஆண்டுகள் கடந்தும் அவற்றில் 1652 என்றே பொறித்து வந்தார்கள். அப்படிப்பட்ட ஷில்லிங் ஒன்று அங்குள்ள பாஸ்டன் நகரில் மாநில அரசு மாளிகையின் அடிக்கல்லின் கீழ் 1795-இல் அன்றைய ஆளுநர் சாமுவேல் ஆடம்ஸும் வெள்ளிக் கொல்லர் பால் ரிவியரும் வைத்த பெட்டகத்திலிருந்து வந்தது. 1855-இல் ஒருமுறை வெளியே எடுக்கப்பட்டு, மேலும் சில பொருள்கள் சேர்க்கப்பட்டு மீண்டும் வைக்கப்பட்ட அந்தப் பெட்டியை 2015 ஜனவரியில் அருங்காட்சியக வல்லுநர்கள் திறந்தபோது, நாணயங்களோடு செய்தித்தாள்களும் ஒரு வெள்ளித் தகடும் கிடைத்தன. அந்தத் தகட்டில் யார், எப்போது, எதற்காக வைத்தார்கள் என்பது பொறிக்கப்பட்டிருந்தது. அந்தத் தகடு இல்லையென்றால் அந்த நாணயங்கள் ஏதோ ஒரு காலத்துப் பழங்காசுகளாக மட்டுமே இருந்திருக்கும்.

எனவே நம்முடைய ஒவ்வொரு நாணயத்தோடும் ஒரு சிறு தாள் வைக்கிறேன். அதன் மதிப்பையோ உலோகத்தையோ எழுதப்போவதில்லை. அவற்றை அவள் எங்கிருந்தும் தெரிந்துகொள்வாள். அது யார் கைக்கு எப்படி வந்தது, அன்று அதைக் கொடுத்தால் என்ன கிடைத்தது, ஏன் செலவழிக்காமல் வைத்திருந்தோம் என்பதைத்தான் எழுதுகிறேன். உன் பாட்டி கடைசி வரை முந்தானை முடிச்சில் வைத்திருந்த காசுக்கு மட்டும் ஒரு பக்கம் முழுவதும் எழுத வேண்டியிருந்தது.

நாணயங்களை எப்படி வைப்பது என்பதில் நான் மிகவும் கண்டிப்பாக இருக்கிறேன். உன்னுடையவற்றை அனுப்பும் முன், எவ்வளவு அழுக்காகத் தெரிந்தாலும் துலக்கிவிடாதே. துலக்கினால் அழுக்கோடு மேற்பரப்பும் போய்விடும்; எத்தனையோ கைகள் பட்டு ஏறிய நிறம் திரும்ப வராது. செம்பின் பழுப்பும் வெள்ளியின் கருமையும் நாணயத்தின் மேல் படியும் மெல்லிய படலங்கள், அவற்றால் நாணயத்துக்குக் கேடில்லை. கேடு செய்வது ஈரத்தோடு சேர்ந்து வரும் பச்சைக் களிம்பு. நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடி. விரலில் உள்ள எண்ணெயும் உப்பும் செம்பின் மேல் ரேகையை அப்படியே பதித்துவிடும்.

உறையிலும் கவனம் வேண்டும். கடைகளில் கிடைக்கும் மெத்தென்ற, வளையும் பிளாஸ்டிக் உறைகள் பெரும்பாலும் பிவிசியால் ஆனவை. காலப்போக்கில் அந்தப் பிளாஸ்டிக் சிதைந்து அமிலத்தை வெளியிட்டு, நாணயத்தின் மேல் பிசுபிசுப்பான பச்சைப் படிவை உண்டாக்கும். விறைப்பான, கசக்கினால் சலசலக்கும் பாலியெஸ்டர் உறை வாங்கி ஒவ்வொன்றையும் தனித்தனியே போடு. இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஈரமும் சேர்ந்தால், அவற்றுள் எளிதில் அரிபடும் உலோகம் மற்றதற்காகத் தன்னைக் கரைத்துக்கொள்ளும். பழைய பெட்டியில் அலுமினியக் காசுகள் வெண்பொடியாய்ப் போனதும், பக்கத்திலிருந்த செம்புக்கலவை நாணயங்கள் கறையோடு தப்பியதும் அதனால்தான். ரப்பர் வளையம் போட்டுக் கட்டவே கூடாது. ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும், ரப்பரும் சில ஆண்டுகளில் உருகி ஒட்டிக்கொள்ளும்.

பெட்டகத்துக்கு இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் சம்படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். நன்றாக உலர்த்திய சிலிக்கா ஜெல் பொட்டலங்களை அதில் போடுவேன். ஆனால் அவை உறிஞ்சும் ஈரத்துக்கும் ஓர் அளவுண்டு. ஈரக்காற்றோடு இறுக்கி மூடினால் அந்த ஈரத்தைத்தான் நாம் பத்திரப்படுத்தி வைப்போம். ஆகவே காற்று வறண்ட ஒரு நாளில்தான் மூடுவேன். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை திறந்து பொட்டலங்களை மாற்றலாம் என்று உன் அம்மா சொல்கிறாள். இடையில் திறந்தால் காத்திருப்பதன் பொருள் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் அவள் சொல்வதே சரி. நாணயம் கெட்டுப்போவதைவிட, காத்திருப்பில் ஒரு சிறு இடைவெளி விழுவது பரவாயில்லை.

மற்ற நினைவுப் பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடைகளில் இயந்திரம் அச்சிட்டுத் தரும் ரசீதுகளை வைக்க ஆசைப்பட்டாய். நல்ல எண்ணம்தான், ஆனால் அவை வெப்பத்தால் எழுத்து தோன்றும் தாளில் அச்சிடப்படுவதால் சில ஆண்டுகளிலேயே வெளுத்துவிடும். அமிலமற்ற தாளில் லேசர் நகல் எடுத்து அனுப்பு. செய்தித்தாளுக்கும் அதையே செய், ஏனென்றால் அந்தக் காகிதம் தான் மஞ்சளாவதோடு தன் அமிலத்தைப் பக்கத்துத் தாளுக்கும் ஏற்றும். கடிதம் எழுதப் பென்சில் போதும். பென்சில் எழுத்து கரியால் ஆனது. வெளிச்சத்துக்கும் மங்காது, தண்ணீரிலும் கரையாது. புகைப்படங்களை நல்ல தாளில் அச்சிட்டு, பின்புறம் மெல்லப் பென்சிலால் பெயர்களை எழுதி அனுப்பு. மின்கலம் உள்ள எந்தப் பொருளும் வேண்டாம், அது கசிந்தால் மற்ற எல்லாமே போய்விடும். காணொளிகளைப் பென் டிரைவில் வைப்பதானால் வை, அதையே நம்பி இருந்துவிடாதே. அதில் உள்ள பதிவு மின்னூட்டமாகத்தான் இருக்கிறது, அது மெல்ல மெல்லக் கசியும். அது கசியாவிட்டாலும் அதைச் செருகும் இடம் அன்றைய கருவிகளில் இருக்குமா என்பதை யோசி; நீ பள்ளியில் படித்த காலத்தில் நான் கணக்குகளைச் சேமித்த ஃபிளாப்பிகள் இன்னும் என் மேசையில் இருக்கின்றன, படிக்கத்தான் கருவி இல்லை. இவற்றோடு நம் பழைய வீட்டின் சாவியும் உள்ளே போகிறது. அந்தப் பூட்டு இப்போது இல்லை. அதைத் திறந்தவர்கள் யார் யார் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

25 ஆண்டுகள் போதும் என்று நீ சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. நியூயார்க்கில் 1938-இல் வெஸ்டிங்ஹவுஸ் என்ற மின்சாதன நிறுவனம் புதைத்த பெட்டகத்தை 6939-இல் திறக்க வேண்டுமாம். அமெரிக்காவிலேயே ஓகில்தார்ப் பல்கலைக்கழகத்தில் 1940-இல் மூடிய நிலவறையை 8113-இல் திறக்க வேண்டுமாம். அவை முகம் தெரியாதவர்களுக்கு எழுதிய கடிதங்கள். நம்முடையது ஒருத்திக்கு எழுதுவது. அவள் திறக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, இது இன்னார் காசு என்று சொல்ல நீ இருப்பாய். நான் இருப்பேனா என்பது தெரியாது; அதனால்தான் தாள்களைக் கவனமாக எழுதுகிறேன். வெஸ்டிங்ஹவுஸ்காரர்கள் பெட்டகம் இருக்கும் இடத்தைக் குறித்து ஒரு நூலே அச்சிட்டு நூலகங்களுக்கு அனுப்பினார்கள். நாமும் இடத்தையும் திறக்கும் நாளையும் எழுதி, ஒரு படி வீட்டுப் பத்திரங்களோடும், ஒரு படி உன்னிடமும் இருக்கும்படி செய்வோம். வைத்த இடத்தை மறந்து தொலைத்த பெட்டகங்கள் உலகத்தில் ஏராளம்.

இன்னொன்றும் வைக்கிறேன், உன் சம்மதம் வேண்டும். பழைய பெட்டியிலிருந்து எடுத்த நாணயங்களில் இரண்டு, களிம்பேறி ஒன்றோடொன்று ஒட்டிப் பிரியாமல் இருந்தன. எறிய மனம் வராமல் வைத்திருந்தேன். அவற்றைத் தனி உறையிலிட்டு, மற்றவற்றோடு சேராமல், அவள் அம்மா 8 வயதில் தன் கையால் வைத்தவை என்று எழுதி வைக்கப்போகிறேன். உன் கடிதம் போய்விட்டது. அந்தப் பெட்டியிலிருந்து நீ வைத்ததாக மிஞ்சியிருப்பது இவை மட்டும்தான். முடிந்தால், அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருப்பாய் என்று இப்போது தோன்றுவதைப் பென்சிலால் ஒரு தாளில் எழுதி அனுப்பு அம்மா.

பேத்தியின் கையைத் தாளின் மேல் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு அனுப்பவும் மறக்காதே. விரல்களை விரிக்க மறுத்தால் மூடிய கையையே வரைந்துவிடு. அது வந்து சேரும் வரை நான் மூடியைப் போட மாட்டேன்.

அன்புடன்,
அப்பா