காணாம போன விஜி03ஐ (ஒரு சர்வரோட டிஸ்க் குரூப்) மீட்டுக் குடுத்தவங்களுக்கு ஒரு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை ராத்திரி நேரம் காலம் பார்க்காம போன் எடுத்தவங்க எல்லாருக்கும் பொதுவா ஒரு நன்றி சொல்லிடலாம்னுதான் இதை எழுதுறேன், தனித்தனியா சொன்னா யாராவது விட்டுப்போயிடும். பேரு போடல, யாருன்னு உங்களுக்கே தெரியும்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா: பழைய ஹெச்பி-யுஎக்ஸ் 11ஐ வி2 (ஹெச்பியோட யூனிக்ஸ் ஓஎஸ்) சர்வர் ஒன்னு, ஸ்டோரேஜ் பக்கம் சான் சுவிட்ச்ல (சர்வரையும் டிஸ்க் பெட்டியையும் இணைக்குற சுவிட்ச்) கேபிளை வேற போர்ட்டுக்கு மாத்தினாங்க, ரீபூட் ஆகி வந்தா விஜி00 (விஜின்னா வால்யூம் குரூப், டிஸ்க்குகளை ஒன்னா சேர்த்த தொகுதி) மட்டும் நிக்குது, டேட்டாபேஸ் இருக்குற விஜி03 கிளம்பவே மாட்டேங்குது. அந்த வெர்ஷன்ல டிஸ்க்குக்கு பேரே அது வர்ற பாதையை வச்சுதான், சுவிட்ச் போர்ட் மாறினா பாதை மாறும், பேரும் மாறிடும். சாதனங்களை பட்டியல் போடுற ஐஓஸ்கேன் கமாண்ட்ல பழைய பாதை எல்லாம் நோ-ஹெச்டபிள்யூ (அங்க ஒன்னும் இல்ல), அதே டிஸ்க் புது பாதையில கிளெய்ம்ட்னு (கிடைச்சாச்சு) உக்காந்திருக்கு, எந்த விஜில எந்த டிஸ்க்னு சர்வர் குறிச்சு வைக்கிற எல்விஎம்டேப் ஃபைல் மட்டும் பழைய பேரையே பிடிச்சு தொங்குது.

முதல் நன்றி ரிட்டயர் ஆன நம்ம அண்ணனுக்கு. போன்ல முழுசா கேட்காமலே "டிஸ்க்ல எதையும் எழுதாத, பிவிகிரியேட் பக்கமே போகாத, முதல்ல படி"ன்னாரு. (பிவிகிரியேட் டிஸ்க்கை புதுசா தயார் பண்ற கமாண்ட், பழைய அடையாளத்தை அழிச்சிடும்.) கூட இருந்த லினக்ஸ் தம்பி எல்விஎம்டேப்பை நகர்த்திட்டு, டிஸ்க்கை தேடி அதை திரும்ப உருவாக்குற விஜிஸ்கேன் கமாண்டை போட்டுடலாம்னு சொன்னப்போ அண்ணன்தான் நிறுத்தினாரு. லினக்ஸ்ல விஜி பேரு டிஸ்க்லயே எழுதியிருக்கும், இங்க பழைய 1.0 வகை விஜில பேரு சர்வர்ல மட்டும்தான், டிஸ்க்ல இருக்குறது விஜிஐடிங்கிற நம்பர்தான், வீட்ல கூப்பிடுற பேரு ஒன்னு ரேஷன் கார்டு நம்பர் ஒன்னுங்கிற கதை. ஆக்டிவா இல்லாத விஜிக்கு எல்விஎம்டேப்பையும் நகர்த்திட்டா, இந்த டிஸ்க் எல்லாம் ஒரே குரூப், எந்த குரூப்னு தெரியல, விஜிஇம்போர்ட் (விஜியை கையால சேர்க்குற கமாண்ட்) போட்டுக்கோன்னு விஜிஸ்கேன் கைவிரிச்சிடும். (தம்பி மேல தப்பில்ல, 1998ல ஹெய்ன்ஸ் மவெல்ஸ்ஹாகன் லினக்ஸ் எல்விஎம் (டிஸ்க் குரூப்பை நிர்வகிக்குற மென்பொருள்) எழுதினதே ஹெச்பி-யுஎக்ஸை பார்த்துதான், கமாண்ட் பேரெல்லாம் ஒன்னாத்தான் இருக்கும், ஏமாத்தும்.)

அப்புறம் அண்ணன் சொன்னபடி ஒவ்வொரு டிஸ்க்லயும் எக்ஸ்டி கமாண்ட்ல 8200 பைட் தாண்டி 16 பைட் படிச்சோம், முதல் 8 பிவிஐடி (அந்த டிஸ்க்கோட நம்பர்), அடுத்த 8 விஜிஐடி. அந்த விஜிஐடியோட பின்பாதி விஜி உருவான நேரம், விநாடி கணக்குல. மாத்திப் பார்த்தா 2009! அந்த டென்ஷன்லயும் ரெண்டு பேரும் சிரிச்சோம்.

ஆனா எண்ணிப் பார்த்தா ஒரு லன் (ஸ்டோரேஜ் தர்ற டிஸ்க்) குறையுது. மேல இருந்து "இருக்கிறதை வச்சு மேல கொண்டு வாங்க"ன்னு ஒரே நச்சரிப்பு. டேட்டாபேஸ் அக்காதான் குறுக்க நின்னாங்க. பாதிக்கு மேல டிஸ்க் இருந்தா கோரம் (தேவையான பெரும்பான்மை) கிடைச்சு விஜி கிளம்பிடும்தான், ஆனா மிரர் (இன்னொரு நகல்) இல்லாத எல்வில (விஜிக்குள்ள பிரிச்ச ஒரு பகுதி) ஓட்டையோட டேட்டாபேஸை திறக்க நான் கையெழுத்து போட மாட்டேன்னு முகத்துக்கு நேரா சொன்னாங்க. அந்த தைரியம் எனக்கு வந்திருக்குமான்னு தெரியல, ரொம்ப நன்றி அக்கா. ஸ்டோரேஜ் தம்பி தூக்கத்துல இருந்து எழுந்து லாகின் பண்ணி மாஸ்கிங்ல (எந்த சர்வருக்கு எந்த லன் தெரியணும்ங்கிற பட்டியல்) விட்டுப்போன அந்த லன்னை சேர்த்து விட்டாரு, அவருக்கு பிரியாணி பாக்கி.

கடைசி நன்றி, வேலையை விட்டுப்போய் பல வருஷம் ஆன ஒருத்தருக்கு. அவர் போட்டு வச்ச கிரான் (தானா ஓடுற வேலை) ஒன்னு தினமும் விஜிஎக்ஸ்போர்ட்டை (விஜியை சர்வர் கணக்குல இருந்து எடுக்குற கமாண்ட்) எதையும் மாத்தாத பிரிவ்யூல ஓட்டி, எல்வி பேரெல்லாம் இருக்குற மேப் ஃபைலை பத்திரமா எழுதிட்டே இருந்திருக்கு, யாரும் கவனிக்கவே இல்ல. அது இல்லேன்னா எல்வி பேரெல்லாம் எல்வால்1, எல்வால்2ன்னு வந்து எஃப்எஸ்டேப்போட (எதை எங்க மவுண்ட் பண்ணணும்ங்கிற ஃபைல்) ஒன்னும் ஒட்டாது. அதை வச்சு பழைய என்ட்ரியை விஜிஎக்ஸ்போர்ட்ல எடுத்துட்டு, மேஜர் 64, மைனர் 0x030000ன்னு குரூப் ஃபைல் (விஜிக்கான டிவைஸ் ஃபைல்) போட்டு விஜிஇம்போர்ட், விஜிசேஞ்ச் (விஜியை கிளப்புறது), எஃப்எஸ்சிகே (ஃபைல் சிஸ்டம் செக்), மவுண்ட், எல்லாம் கடகடன்னு முடிஞ்சிடுச்சு. கர் பிவியும் (விஜில இருக்குற டிஸ்க் எண்ணிக்கை) ஆக்ட் பிவியும் (அதுல ஓடுற டிஸ்க் எண்ணிக்கை) சமமா இருக்கு, அக்காவும் செக் பண்ணி ஓகே சொல்லிட்டாங்க.

கடைசி வெர்ஷன் 11ஐ வி3க்கே 2025 டிசம்பர் 31ஓட ஸ்டாண்டர்ட் சப்போர்ட் முடிஞ்சாச்சு, இனிமே இந்த மாதிரி ஆளுங்கதான் நமக்கு சப்போர்ட். அந்த கிரான் ஸ்கிரிப்ட் வேணும்ங்கிறவங்க கேளுங்க, அனுப்புறேன், சின்னதுதான்.