நத்தாருக்கு முதல் நாள், பகல் ஒன்றரை மணி

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகளுக்கு,

நத்தாருக்கு முதல் நாள் நீ மூன்று தடவை அழைத்தாய். நான் எடுக்கவில்லை. பேரனுக்குப் புதுச் சட்டை போட்டு, "பெத்தப்பா இப்போது வருவார், பார்" என்று அவனைக் கைபேசியின் முன்னால் உட்கார வைத்திருந்தாயாம். அம்மா சொன்னாள். அன்று இரவு பேசியபோது நீ எதுவும் கேட்கவில்லை. "பரவாயில்லை அப்பா" என்றாய். நீ அப்படிச் சொல்லும்போது அதற்குள் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். உயர்தரப் பரீட்சை முடிவு வந்த அன்றும் அதே குரலில்தான் சொன்னாய். அதனால் இதை எழுதுகிறேன். தொலைபேசியில் சொன்னால் பாதியில் அறுந்துபோகும்.

கைபேசியை நான் வேண்டுமென்றேதான் வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். அன்று பகல், மிகத் தாழ்ந்த வானொலி அலை ஒன்றைக் கேட்பதற்காக, நான் வாவிக்கு அப்பால் படுவான்கரையில் இருந்தேன். கொக்கட்டிச்சோலைக்கு அப்பால், மாமாவின் வயலில், யானைக்காவல் பரணின் மேல். பெரும்போக வயல் பச்சைப் பசேலென்று முழங்கால் உயரத்துக்கு நின்றது. காலையில் பெய்த மழையில் வரம்பெல்லாம் சேறு. மூங்கிலைச் சிலுவைபோல் கட்டி, அதைச் சுற்றி ஐம்பது சுற்றுச் செப்புக் கம்பி சுற்றிய, அலை பிடிக்கும் சட்டம் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு அந்த வரம்பில் நடந்தேன். எனாமல் பூசிய அந்தக் கம்பியை மோட்டார் சுற்றும் கடையில் நிறுத்து வாங்கினேன். மடிக்கணினி நீ தந்ததுதான். அதன் மூடி இப்போது தானாக நிற்பதில்லை. பரணின் கம்பத்தில் சாய்த்து வைத்துக்கொண்டேன்.

வீட்டிலிருந்தே கேட்டிருக்கலாமே என்று நீ நினைப்பாய். இரண்டு வருடம் வீட்டிலிருந்துதான் முயன்றேன். முன் வீட்டு எல்.இ.டி. விளக்கு, பின் வீட்டுக் கைபேசிச் சார்ஜர், நம் வீட்டுத் தொலைக்காட்சி எல்லாம் அந்த அலைவரிசையில் ஓயாமல் இரைகின்றன. மின்கம்பியின் 50 ஹேர்ட்ஸ் உறுமலும் அதன் மடங்குகளும் சீப்புப் பற்கள்போல் திரை முழுவதும் நிற்கின்றன. ஆகவே மின்கம்பியே எட்டாத இடம் தேவைப்பட்டது. மடிக்கணினியும் பற்றரியில் ஓடியது. கைபேசி பக்கத்தில் கிடந்தால் அதுவும் தன் பங்குக்கு இரையும்.

நான் அங்கே யாருக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்கிறேன், மகள். சுவீடனில் நீ இருக்கும் கோதன்பர்க்கிலிருந்து தெற்கே ரயிலில் போனால் வார்பெர்க் என்ற ஊர் வரும். அதற்குப் பக்கத்தில் கிரிமெட்டன் என்ற கிராமம். அங்கே 127 மீற்றர் உயரமான ஆறு கோபுரங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் அடியில், கட்டடம் ஒன்றுக்குள், 1924ஆம் ஆண்டிலிருந்து வேலை செய்யும், வானொலி அலை அனுப்பும் ஓர் இயந்திரம் இருக்கிறது. நம் கல்லடிப் பழைய பாலத்துக்கும் அதே வயது. அந்தப் பாலத்தில் இன்று நடந்து போகலாம். அந்த இயந்திரத்தை இன்று கேட்கலாம்.

அதில் வால்வு இல்லை, டிரான்சிஸ்டர் இல்லை. 1.6 மீற்றர் விட்டமுள்ள எஃகுத் தட்டு ஒன்று சுழல்கிறது, அவ்வளவுதான். தட்டின் விளிம்பில் 488 பள்ளங்கள். நிமிடத்துக்கு 2,115 சுற்று. 488ஐ 2,115ஆல் பெருக்கி 60ஆல் வகுத்துப் பார்: 17,202 வரும். செக்கனுக்கு அத்தனை தடவை மின்னோட்டம் முன்னும் பின்னுமாக ஒரு முழு ஆட்டம் ஆடுகிறது. 17.2 கிலோஹேர்ட்ஸ் என்று அவர்கள் சொல்வது இதைத்தான். முப்பது வருடம் பௌதிகவியல் படிப்பித்தவனுக்கு இந்தக் கணக்கைப் பார்த்தபோது கண் கலங்கியது. ஒரு சக்கரம் சுழல்கிறது, அது கடல் கடக்கிறது. அதை ஆக்கிய ஏர்ன்ஸ்ட் அலெக்சாண்டர்சன் சுவீடனில் பிறந்து, அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை செய்தவர். இப்படிப்பட்ட இயந்திரங்கள் ஒரு காலத்தில் உலகின் பல மூலைகளில் இருந்தன. இன்று ஓடக்கூடிய நிலையில் மிஞ்சியிருப்பது இது ஒன்றே. 2004இல் யுனெஸ்கோ அந்த நிலையத்தை உலக மரபுரிமையாக்கியது.

அதை எதற்குக் கட்டினார்கள் என்பதையும் நீ அறிய வேண்டும். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட சுவீடன்காரர்கள் அமெரிக்காவுக்குப் போய்க் குடியேறியிருந்தார்கள். முதலாம் உலகப் போர் வந்தபோது, கடலடித் தந்திக் கம்பிகள் பிறர் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பது அந்த நாட்டுக்குப் புரிந்தது. நியூயோர்க்குக்குத் தங்கள் சொந்த வழியில் தந்தி அனுப்ப இதைக் கட்டினார்கள். இப்போது ஆர்வலர்கள் வருடத்தில் சில நாட்கள் மட்டும் அதை ஓட்டுகிறார்கள். நத்தாருக்கு முதல் நாள் காலை அதில் ஒன்று. உங்கள் நேரம் காலை ஒன்பது. எங்களுக்குப் பகல் ஒன்றரை. நீ முதல் தடவை அழைத்தது ஒன்பது ஐந்துக்கு.

இந்தத் தாழ்ந்த அலைகள் மற்ற அலைகளைப்போல் போவதில்லை. 17.2 கிலோஹேர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 17 கிலோமீற்றருக்கு மேல். கல்லடியில் தலை வைத்தால் வால் கிரான்குளத்தைத் தாண்டிவிடும். கீழே பூமி, மேலே, பகலில் ஏறத்தாழ 70 கிலோமீற்றர் உயரத்தில், வெயில் மின்னேற்றிய காற்றுப் படலம். இரண்டுக்கும் நடுவில், குழாய்க்குள் தண்ணீர்போல் இந்த அலை ஓடுகிறது. கடல் நீருக்குள்ளும் சில மீற்றர் இறங்கும். அதனால்தான் கடற்படைகள் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி சொல்ல இதை வைத்திருக்கின்றன. நீர்மூழ்கி ஆழத்திலிருந்தபடியே கேட்கும், பதில் பேசாது.

எனக்கு வந்த பெரிய தடையும் அந்தக் கடற்படை நிலையங்கள்தான். திருநெல்வேலி மாவட்டத்தில் விஜயநாராயணம் என்ற ஊரில் இந்தியக் கடற்படையின் நிலையம் இருக்கிறது, ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்று பெயர். 18.2 கிலோஹேர்ட்ஸ். கிரிமெட்டனுக்கு ஒரே ஒரு கிலோஹேர்ட்ஸ் மேலே. நம் ஊரிலிருந்து நேர்கோட்டில் 440 கிலோமீற்றர் அளவுதான். அது 1990இல் தொடங்கியது. அந்த வருடம் எங்களுக்கு எப்படியிருந்தது என்று நீ அறிவாய். அப்பம்மா என் கம்பிச் சுருள்களையும் மின்சுற்றுப் புத்தகங்களையும் பழைய வானொலியையும் இரவோடிரவாகக் கிணற்றில் போட்டது அந்த வருடம்தான். ஈயம் பற்றவைக்கும் கோல் ஒன்று வீட்டில் இருந்தாலே ஒரு பிள்ளையின் உயிருக்கு ஆபத்தாகலாம் என்றிருந்த காலம். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் செய்தது சரி. ஆனால் அதன் பிறகு இருபது வருடத்துக்கு மேல் நான் ஒரு கம்பியையும் சுற்றவில்லை. அப்பாவுக்கு ஏன் இந்த வயதில் இந்தப் பைத்தியம் என்று நீ தம்பியிடம் கேட்டதாக அறிந்தேன். கிணற்றில் போட்டதைத்தான் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறேன், மகள்.

இன்னொரு கடற்படை நிலையம் அவுஸ்திரேலியாவின் வடமேற்கு முனையில் இருக்கிறது. 19.8 கிலோஹேர்ட்ஸ், பத்து இலட்சம் வாற்று. இந்தியப் பெருங்கடலைத் தாண்டி 4,800 கிலோமீற்றர் வந்தும், திரையில் தடித்த வெள்ளைப் பட்டையாக விழுகிறது. அதை எனக்குப் பிடிக்கும். விடியற்காலையில் சூரியன் முதலில் அங்கே உதித்து, அந்த வெளிச்சத்தின் ஓரம் கடல் மேல் எங்களை நோக்கி நகர்ந்து வருகையில், அந்தப் பட்டை மெலிந்து மெலிந்து, பிறகு மீண்டும் தடிக்கும். எழுவான்கரையில் சூரியன் எழுமுன்னே அது வரும் வழியைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கலாம். பல நாள் அதற்காகவே நாலரைக்கு எழும்பியிருக்கிறேன்.

கம்பிச் சட்டத்துக்கு ஒரு குணம் உண்டு. அதன் விளிம்பு எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையை நன்றாகக் கேட்கும். முகம் பார்க்கும் திசைக்குச் செவிடு. சுவீடன் எங்களுக்கு வடமேற்கு. விஜயநாராயணம் மேற்கு, சற்றே வடக்காக. நான் சட்டத்தை ஏறத்தாழ வடக்குத் தெற்காக நிறுத்தினேன். விஜயநாராயணத்துக்கு அதன் முகம் திரும்பியது. திரையில் அந்தப் பட்டை தேய்ந்து நூலானது. சுவீடனிலிருந்து வருவதில் கால்வாசிதான் நட்டம். அந்த ஒரு கோணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்றாவது வருடம் தேவைப்பட்டது.

இந்த வயதில் 17 கிலோஹேர்ட்ஸ் காதுக்கு எட்டாது. மென்பொருள் அதை 700 ஹேர்ட்ஸ் சீழ்க்கையாக இறக்கித் தருகிறது. காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் மின்னல்கள். எங்கோ சுமாத்திராப் பக்கமோ ஆபிரிக்காவிலோ வெட்டுகிற மின்னல்கூட இங்கே சோளம் பொரிவதுபோல் விழும். ஒன்று இருபத்தைந்துக்கு ஒன்றுமில்லை. ஒன்றரைக்கும் இல்லை. பரணின் ஓலையில் தேங்கிய தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டு, காதொலிக் கருவியை இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

அப்போது உன் பெத்தப்பாவை, என் அப்பாவை, நினைத்தேன். எனக்கு எட்டு வயதில், பறுவத்தன்று இரவு, பழைய பாலத்தடிக்குத் தோணியில் கூட்டிப்போனார். துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, மறுமுனையை என் காதில் வைத்து, "மூச்சை அடக்கு" என்றார். வெகுநேரம் வாவித் தண்ணீர் தோணியில் தட்டியது மட்டும் கேட்டது. பிறகு, துடுப்பின் மரத்துக்குள்ளிருந்து, ஈரமான விரலால் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்ப்பதுபோல் ஒன்று. அப்படிப் பாடுவது மீனா, சிப்பியா என்று ஊரில் இன்னும் வாதம் இருக்கிறது. எனக்கு அது பெரிதில்லை. துடுப்பு என் காதுமடலை நெரித்த வலி இன்னும் நினைவிருக்கிறது.

ஒன்று முப்பத்தி நாலுக்கு வந்தது. பொரிகிற இரைச்சலுக்கு அடியில், மெல்லிய, ஒரே சுருதியில் ஒரு சீழ்க்கை. விட்டு விட்டு. மூன்று புள்ளி. புள்ளி, கோடு. கோடு, கோடு, புள்ளி, கோடு. தபாற்கந்தோரில் தந்தி அடித்த பெரியப்பா சின்ன வயதில் மேசையில் தட்டித் தட்டிப் பழக்கிய எழுத்துகள். எஸ், ஏ, கியூ. அந்த நிலையத்தின் பெயர். பிறகு ஒரு மின்னல் மூடியது, மறுபடி வந்தது, மறுபடி அதே மூன்று எழுத்து. செய்தி முழுவதையும் நான் பிடிக்கவில்லை. நடுவில் பல இடம் போய்விட்டது. ஆனால் பெயரை ஐந்து தடவை எழுதி வைத்திருக்கிறேன். அந்தத் தாளில் சேறு பட்டிருக்கிறது. 8,000 கிலோமீற்றர், மகள். உன் வீட்டுப் பக்கத்திலிருந்து.

அந்த நேரத்தில்தான் நீ இரண்டாவது தடவை அழைத்திருக்கிறாய்.

உலகின் சில இடங்களில் வானொலி ஆர்வலர்கள் இதையும் விடத் தாழப் போகிறார்கள். 9 கிலோஹேர்ட்ஸுக்குக் கீழே. ஓர் அலையின் நீளம் 33 கிலோமீற்றருக்கு மேல். இங்கிருந்து கல்முனையை எட்டுவதற்குச் சற்று முன் வரை. அதற்கு ஏற்ற கோபுரத்தைத் தனி மனிதன் எவனும் கட்ட முடியாது. பட்டத்தில் கம்பியைக் கட்டி ஏற்றுகிறார்கள். நூற்றுக்கணக்கான வாற்றை ஊட்டினாலும் வெளியே போவது ஒரு வாற்றின் ஆயிரத்தில், இலட்சத்தில் ஒரு பங்கு. அப்படியிருந்தும் அத்திலாந்திக்கைத் தாண்டியிருக்கிறார்கள். இரு முனையிலும் செய்மதி தருகிற நேரத்தை வைத்துக்கொண்டு, ஒரே செய்தியை மணிக்கணக்காகத் திரும்பத் திரும்ப அனுப்ப, கேட்பவர் எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூட்டுகிறார். நூறு தடவை கூட்டினால் செய்தி நூறு மடங்காகும். இரைச்சல் தன்னைத்தானே வெட்டிக்கொண்டு பத்து மடங்குதான் ஆகும். இதை என் பழைய மாணவர்களுக்குக் கரும்பலகையில் காட்ட ஆசையாக இருக்கிறது. அனுப்புவதற்கு எனக்கு உரிமமில்லை, அந்த எண்ணமும் இல்லை. கேட்டால் போதும்.

இப்போது நான் உன்னிடம் கேட்க வேண்டியது. ஆனி மாதத்திலும் அவர்கள் அந்த இயந்திரத்தை ஓட்டுவார்கள். ஜூலை 2ஆம் தேதியை ஒட்டி வரும் ஞாயிறு, அலெக்சாண்டர்சன் நாள் என்று சொல்லி. எங்களுக்கு அது கச்சான் காற்றுக் காலம். வடக்கே இந்தியாவில் மழைக்காலம், மின்னல் கொட்டும். டிசம்பரை விடக் கடினம். நான் அதே பரணில் இருப்பேன். நீ பேரனைத் தூக்கிக்கொண்டு வார்பெர்க்குக்குப் போ. உள்ளே விடுவார்கள். தட்டு சுழலத் தொடங்கி, சத்தம் ஏறி ஏறி ஓரிடத்தில் நிலைக்கும் என்கிறார்கள். அவனுக்கு அதைக் கேட்கக் கொடு, ஆனால் அவன் காதைப் பொத்திக்கொள். முதல் எழுத்து அடிக்கப்படும் நேரத்தைச் செக்கன் வரை குறித்து வை. நான் இங்கே குறித்ததோடு ஒப்பிட வேண்டும். இந்தத் தடவை நீயும் கைபேசியை அணைத்துவிடு. முடிந்ததும் நானே வீட்டுக்கு வந்து அழைக்கிறேன். வயலிலிருந்து கல்லடிக்கு ஒரு மணித்தியாலம் ஆகும். அதுவரை அவனைத் தூங்கவிடாதே.

அம்மா பாயாசத்துக்கு வைத்திருந்த முந்திரிகையில் ஒரு பொதி உனக்கு அனுப்பியிருக்கிறாள்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா