மதில்மேல் பூனையை இறக்கிவிட்டவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

மதிலின் மேல் ஒரு பூனை நடந்து வருகிறது, நிற்கிறது, எட்டிப் பார்க்கிறது, கீழே குதிக்கிறது. நான் செய்த அனிமேஷன் இவ்வளவுதான்: 12 விநாடி, 288 ஃப்ரேம், அதாவது விநாடிக்கு 24 படம். அதன் கடைசி ரெண்டர், கணினி படங்களை முழுதாக உருவாக்கித் தரும் வேலை, போன வாரம் முடிந்தது. உங்களுக்கு நன்றி சொல்லாமல் அடுத்த வேலையைத் தொட மனம் வரவில்லை.

முதல் வடிவத்தைக் காட்டியபோது எல்லோரும் ரோமத்தைப் பற்றித்தான் பேசுவீர்கள் என்று நினைத்திருந்தேன். பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் மாதக்கணக்கில் சீவிச் சீவி வைத்தது அதைத்தான். உங்களில் ஒருவர், "ரோமம் அழகு. ஆனா பூனைக்கு எடையே இல்லையே" என்றார். அன்று இரவு தூக்கம் வரவில்லை, ஏனென்றால் அது உண்மை.

எடை எங்கே தொலைந்தது என்று கண்டுபிடித்துக் கொடுத்தது கால்நடை மருத்துவம் படிக்கும் தங்கை. நமக்குக் காறை எலும்பு தோளை மார்போடு பிணைத்து வைத்திருக்கிறது. பூனைக்கு அது தசைக்குள் மிதக்கும் சின்னத் துண்டுதான்; தோள்பட்டை எலும்பைத் தாங்குவதே தசைகள்தான். அதனால் முன்காலில் பாரம் இறங்கும்போது அந்த எலும்பின் மேல்விளிம்பு முதுகுக்கு மேலே புடைத்து எழும். காலைத் தூக்கியதும் அடங்கிவிடும். என் பூனையின் தோள் அசையவே இல்லை. ரிக்கை, அதாவது பூனையை அசைக்க உள்ளே வைத்த எலும்புக்கூட்டு அமைப்பை, பிரித்து, தோள்பட்டைக்கெனத் தனிக் கட்டுப்பாடு வைத்து, நடை முழுவதையும் மறுபடி செய்தேன். ஆறு நாள் ஆனது. ஏழாம் நாள் ஓட்டிப் பார்த்தபோது, முதல்முறையாக அந்த மதில் ஒரு உயிரைச் சுமப்பது போல இருந்தது. தங்கச்சி, அந்த நிமிடம் நீ கொடுத்தது.

புகைப்படக் கலைஞர் மைபிரிட்ஜ் 1887இல் வெளியிட்ட விலங்குப் படவரிசைகளைப் பார்க்கச் சொன்ன அண்ணனுக்கும் நன்றி. இடது பின்கால், இடது முன்கால், வலது பின்கால், வலது முன்கால் என்ற வரிசை அதற்கப்புறம் கை தவறவில்லை. முன்பாதம் வைத்த இடத்திலேயே பின்பாதம் விழ வேண்டும் என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். குறுகிய மதிலில் அது பெரிய விஷயம்.

குதிக்கும் இடத்துக்கு இயற்பியல் ஆசிரியர் ஒருவர் தாளில் கணக்கே போட்டுவிட்டார். மதில் ஒன்றரை மீட்டர் உயரம். அவ்வளவு தூரம் விழ அரை விநாடிக்குச் சற்று மேல், அதாவது 13 ஃப்ரேம் போதும். என் பூனை 22 ஃப்ரேம் காற்றில் மிதந்துகொண்டிருந்தது. அது மட்டுமல்ல, பூனை முன்கால்களைச் சுவரோடு சறுக்கிக் கீழே நீட்டிவிட்டுத்தான் பாயும், ஆகவே விழும் தூரம் இன்னும் குறையும் என்றார். 11 ஃப்ரேமில் நிறுத்தினேன். நான்கு காலும் ஒன்றாக இறங்கியதையும் மாற்றினேன். இப்போது முன்பாதம் முதலில் தரை தொடுகிறது, முழங்கை மடங்கி அதிர்ச்சியை வாங்குகிறது, பின்கால்கள் அப்புறம் வந்து சேருகின்றன. ஐயா, அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பின்னாலிருந்து வெயில் படும் காது அட்டை போல இருக்கக் கூடாது, உள்ளே இரத்தச் சிவப்பு தெரிய வேண்டும் என்றவருக்கும், தன் பூனையை மூன்று மாலை படம்பிடிக்க விட்ட அக்காவுக்கும் நன்றி.

கண்மணி கீற்றாக ஒடுங்க வேண்டும் என்ற யோசனையை மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. பொழுது சாயும் வெளிச்சத்தில் அது விரிந்துதான் இருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் நீங்கள் கேட்டதால்தான் ஒவ்வொரு ஷாட்டிலும் வெளிச்சத்தைச் சரிபார்த்தேன். ஒன்றில் தவறும் கிடைத்தது.

பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து உங்களுக்கு அனுப்புகிறேன். தரையில் இறங்கியபின் வால் அடங்கும் விதம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. 240ஆம் ஃப்ரேமிலிருந்து பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்