எண்ணக் கற்றுத்தந்த அக்காவுக்கு

செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை, உலகக் கடற்கரைத் தூய்மை நாள். முதல்முறையாகப் போயிருந்தேன். பையை வேகமாக நிரப்புவதுதான் வேலை என்று நினைத்தேன். பக்கத்தில் குனிந்திருந்த ஒரு அக்கா, "பொறுக்கினா போதாது தம்பி, ஒவ்வொண்ணையும் எழுதணும்" என்று அட்டையும் பென்சிலும் கொடுத்தார்.

1986இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் தொடங்கியதிலிருந்தே குப்பையை வகைபிரித்து எண்ணி வருகிறார்கள் என்பது அவர் சொல்லித்தான் தெரியும். பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது சிகரெட் துண்டாம். அதன் வடிகட்டி பஞ்சுபோலத் தெரிந்தாலும் பருத்தி அல்ல, செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக். அதைக் கேட்ட பிறகு ஒரு துண்டைக்கூட விட்டுவர மனசு வரவில்லை.

வெயில் ஏறியதும் எனக்குத் தலை சுற்றியது. தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்துவிட்டு, என் மூட்டையையும் அவரே தூக்கிக்கொண்டு போனார். பெயர் கேட்கத் தோன்றவில்லை. தொப்பி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

ரொம்ப நன்றி அக்கா. அப்புறம், இப்போது ஒவ்வொரு ஆண்டும் போகிறேன். புதிதாக வருகிறவர்கள் கையில் முதலில் அந்த அட்டையைத்தான் கொடுக்கிறேன்.