'தகுதி: பிளஸ் டூ தேர்ச்சி' – அந்த ஒரு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் கல்விப் பக்கத்தில் உளவியல் பட்டப்படிப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மனநலம் பற்றி வெளிப்படையாகப் பேச நம் ஊர்களில் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறோம். இந்த நேரத்தில் அப்படி ஒரு கட்டுரை வந்தது நல்ல விஷயம். ஆனால் கடைசியில் கட்டம் கட்டிப் போட்டிருந்த ஒரு வரி என் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. 'தகுதி: பிளஸ் டூ தேர்ச்சி, எந்த குரூப்பும். காலம்: 3 ஆண்டுகள்.'

வரி தப்பில்லை. நம் மாநிலத்தில் பல கல்லூரிகளில் அப்படித்தான் சேர்க்கிறார்கள். சில இடங்களில் பி.எஸ்சி.க்கு மட்டும் அறிவியல் குரூப் கேட்பதுண்டு, அதை அந்தந்தக் கல்லூரியில் விசாரித்துக்கொண்டால் போதும். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் நம்பிச் சேர்ந்து, அப்புறம் தவித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் அரசுப் பள்ளியில் 27 வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். என் மகள் கோவையில் பி.எஸ்சி. உளவியல் படித்தாள். பிளஸ் டூவில் அவள் எடுத்தது பியூர் சயின்ஸ் குரூப். கணக்கிலிருந்து தப்பித்துவிட்டோம் என்ற நிம்மதியோடு கல்லூரிக்குப் போனவள், சேர்ந்த கொஞ்ச நாளில் ஒரு சனிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கியதும் பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்: "அம்மா, திட்ட விலக்கம் சொல்லிக் குடுப்பியா?"

உளவியல் படிக்கப் புள்ளியியல் வேண்டும் என்று அதுவரை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. சேர்க்கைக் கவுன்டரில் சொல்லவில்லை, கல்லூரி கொடுத்த பளபளப்பான கையேட்டிலும் இல்லை. சராசரி, திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்பது), ஒட்டுறவு (இரண்டு அளவுகளுக்கு உள்ள தொடர்பு), அதற்கு மேல் டி-சோதனை, கை-வர்க்கச் (chi-square) சோதனை என்று அது போய்க்கொண்டே இருக்கும். திட்ட விலக்கம் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புக் கணக்கிலேயே வருகிறது. பொதுத்தேர்வு முடிந்த அன்றே அதை மறந்துவிடுகிற பிள்ளைகள்தான் அதிகம் என்பது பாடம் நடத்திய எனக்குத் தெரியும். மகளுக்குச் சொல்லித்தர வீட்டில் ஒரு கணக்கு டீச்சர் இருந்தாள். அவளோடு சேர்ந்த மற்ற பிள்ளைகளில் நிறையப் பேருக்கு முதல் அரியர் விழுந்தது அந்தத் தாளில்தான்.

அடுத்தது லேப். உளவியலுக்கு என்ன லேப் என்று எங்கள் உறவுக்காரர்கள் இன்னமும் கேட்கிறார்கள். இரண்டாம் வருடம் ஒரு லீவில் மகள் ஒரு கண்ணாடி, ஒரு அட்டைத் தடுப்பு, இரட்டைக் கோட்டில் நட்சத்திரம் வரைந்த தாள்கள், ஸ்டாப்வாட்ச் எல்லாவற்றையும் எங்கள் சாப்பாட்டு மேசையில் பரப்பினாள். நான்தான் சோதனைக்கு உட்படுபவர். என் கை எனக்குத் தெரியாதபடி தடுப்பு மறைத்திருந்தது. கண்ணாடியில் தெரியும் நட்சத்திரத்தை மட்டும் பார்த்து, இரண்டு கோட்டுக்கும் நடுவே பென்சில் ஓட வேண்டும். முதலில் இடது கையால் ஒரு தடவை, பிறகு வலது கையால் பத்துத் தடவை, கடைசியில் மறுபடியும் இடது கையால். ஒவ்வொரு தடவையும் எத்தனை வினாடி, எத்தனை முறை கோட்டைத் தாண்டினேன் என்று அவள் குறித்துக்கொண்டாள். பழக்கியது வலது கையை. ஆனால் கடைசியில் என் இடது கையும் முன்னைவிட வேகமாகவும் தப்புக் குறைவாகவும் வரைந்தது. ஒரு கை கற்றது மறு கைக்கும் போய்ச் சேருகிறது என்பதை என் கையிலேயே பார்த்தேன்.

அப்புறம் என்னிடம், "எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க" என்று கேட்டு, நான் சொன்னதையும் எழுதிக்கொண்டாள். ரெக்கார்டு நோட்டில் நோக்கம், கருவிகள், செய்முறை, அட்டவணை, விளக்கம் எல்லாம் வரிசையாக வர வேண்டும். என் பெயர் வர வேண்டிய இடத்தில் வெறும் முதலெழுத்துகளும் 'பெண், வயது 54' என்பதும் மட்டும்தான் இருந்தன. அம்மா என்று எழுதக் கூடாதா என்றேன். "சோதனைக்கு வர்றவங்க யாருன்னு வெளியே தெரியக் கூடாதும்மா" என்றாள். நாளைக்கு யாரோ ஒருவர் தன் வீட்டு வேதனையைச் சொல்லிக்கொண்டு எதிரே உட்காரும்போது வேண்டிய பழக்கத்தைப் பத்தொன்பது வயதிலேயே கற்றுக்கொடுக்கிறார்கள். இந்தப் படிப்பின் மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

ஆங்கிலத்தையும் சொல்ல வேண்டும். மொழிப் பாடமான பகுதி ஒன்றில் தமிழ் உண்டு, சரி. ஆனால் முக்கியப் பாடத்துக்கான புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான், அதுவும் தடித்தடியாக. சி.பி.எஸ்.இ. பிள்ளைகள் பதினொன்று, பன்னிரண்டிலேயே உளவியலை ஒரு பாடமாக எடுத்துப் படிக்கலாம். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் அப்படி ஒரு பாடம் கிடையாது. தமிழ் வழியில் படித்து வரும் பிள்ளைக்கு மூளையின் பகுதிகளும் நரம்பு மண்டலமும் புள்ளியியலும் ஒரே செமஸ்டரில், புது மொழியில் வந்து நிற்கும். முடியாதது இல்லை, முன்கூட்டியே தெரிந்தால் அந்த ஏப்ரல், மே மாதங்களில் தயாராகிக்கொள்வார்கள்.

இதையெல்லாம்விட என்னைக் கவலைப்பட வைப்பது மூன்று வருடம் முடிந்தபின் நடப்பது. பி.எஸ்சி. முடித்ததும் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்டலாம் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். மாத்திரை எழுதித் தரலாமா என்றுகூட என்னிடம் கேட்டார்கள். மாத்திரை எழுதுபவர் எம்.பி.பி.எஸ். படித்து, அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்த டாக்டர். உளவியல் படித்தவர் மருந்து எழுத முடியாது. மருத்துவமனையில் மருத்துவ உளவியலாளராக வேலை பார்க்க வேண்டுமானால், பட்டப்படிப்பு மூன்று வருடம், எம்.எஸ்சி. இரண்டு வருடம், அதற்குமேல் மருத்துவமனையில் மேற்பார்வையின் கீழ் பயிற்சியோடு இரண்டு வருட முழுநேர எம்.ஃபில். இதுதான் இத்தனை காலம் இருந்துவந்த வழி. இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவேட்டில் பெயரும் ஏற வேண்டும். மருத்துவ உளவியலாளர் என்றால் யார் என்பதை 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டமே வரையறுத்திருக்கிறது. கவுன்சில் அண்மைக் காலமாகப் புதுப் படிப்புகளையும் கொண்டுவருவதால், சேரும் வருடத்தில் என்ன விதி என்று அதன் இணையதளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

எம்.ஃபில்.லுக்கு எம்.எஸ்சி.யில் 55 சதவீதம் கேட்பது வழக்கமாக இருந்தது. பட்டப்படிப்பிலேயே ஏனோதானோ என்று படித்தவருக்கு அது எட்டாது.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி, திருப்பூரில் பனியன் கம்பெனியில் பில்லிங் வேலை பார்த்துக்கொண்டே, தொலைதூரக் கல்வியில் பி.எஸ்சி.யும் எம்.எஸ்சி.யும் முடித்தாள். ஐந்து வருடம், சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசு. எம்.ஃபில்.லுக்கு விண்ணப்பித்த இடத்தில், நேரடியாகக் கல்லூரிக்குப் போய்ப் படித்த பட்டம்தான் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பணம் கட்டும்போது இதை ஒருவர் சொல்லியிருக்கலாம். அவள் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலில் தொலைதூர, இணையவழிச் சேர்க்கை கூடாது என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) நிறுத்திவிட்டது. உளவியலாளர்களையும் உள்ளடக்கிய 2021-ம் வருட இணை மற்றும் சுகாதாரத் தொழில்வல்லுநர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை ஒட்டி எடுத்த முடிவு அது. நியாயமான முடிவு என்றுதான் நினைக்கிறேன், லேப் இல்லாமல் இந்தப் படிப்பு இல்லை. ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க நினைத்த பெண்களுக்கு ஒரு கதவு அடைபட்டுவிட்டது. இன்னும் நிறைய அரசுக் கல்லூரிகளில் உளவியல் துறை வந்தால்தான் அவர்களுக்கு வழி பிறக்கும். சென்னை மாநிலக் கல்லூரி மாதிரி சில இடங்களில் மட்டும் இருந்தால், எங்கள் தாராபுரத்துப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? இதைப் பற்றியும் உங்கள் இதழ் எழுத வேண்டும்.

பயமுறுத்துவதற்காக இதையெல்லாம் சொல்லவில்லை. மேலே படிக்காதவர்களுக்கும் இந்தப் பட்டம் வீண் போகாது. கம்பெனிகளில் மனிதவளப் பிரிவு இருக்கிறது, சமூகப்பணி மேற்படிப்பு இருக்கிறது, ஏதாவது ஒரு பட்டம் போதும் என்கிற டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளும் இருக்கின்றன. என் மகள் எம்.எஸ்சி. முடித்து, இப்போது சிறப்புக் குழந்தைகள் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கிறாள், பிடித்துத்தான் பார்க்கிறாள்.

நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை அந்தக் கட்டத்தைப் போடும்போது இன்னும் நான்கைந்து வரி சேருங்கள். புள்ளியியல் உண்டு, லேப் உண்டு, ஆங்கிலத்தில் படிக்க வேண்டும், மூன்று வருடம் முதல் படி மட்டுமே, மருத்துவமனை வேலைக்கு அதற்கு மேலும் படிக்க வேண்டும் என்று போடுங்கள். பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்னால் போட்டால் இன்னும் நல்லது.

உங்கள் கட்டுரையைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். காமர்ஸ் குரூப், தமிழ் வழி. உளவியல்தான் படிப்பேன் என்கிறாள். மேலே எழுதியதையெல்லாம் அவளிடமும் சொன்னேன். முகம் கொஞ்சம் வாடியது. பிறகு, "புள்ளியியல் நீங்க சொல்லிக் குடுப்பீங்களா டீச்சர்?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தோடு வரச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
தாராபுரம்.