அடிக்கும் அப்பாக்களை யார் திருத்துவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அடிபட்ட பெண்ணுக்கு வழி சொல்ல மலேசியாவில் 1994-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. 2018 முதல் சமூகநல அதிகாரியே 7 நாளுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை தரலாம். 15999 என்ற அரசு உதவி எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம். நல்லது. அடித்த ஆள் என்ன ஆகிறார்? பெரும்பாலும் அதே ஆளாகத்தான் வீடு திரும்புகிறார்.

எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் இதற்குத் தெரிந்த ஒரே வைத்தியம் கோயில் பஞ்சாயத்து. தலைவர் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம். அது அடுத்த சம்பள நாள் வரை தாங்கும். கேட்டால் சம்சு என்னும் மலிவுச் சாராயத்தின் மேல் பழி. அதே ஆள் எவ்வளவு குடித்தாலும் மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) மேல் கை வைப்பதில்லையே! பெண்டாட்டி பிள்ளைகளிடம் மட்டும்தானே கை நீளுகிறது? ஆகவே, குடியை நிறுத்தினால் போதும் என்பதை நான் ஏற்க மாட்டேன்.

நீதிமன்றம் இவர்களை ஆலோசனைக்கு அனுப்பச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் நாளெல்லாம் செம்பனைக் குலை அறுத்தவரிடம், ஈப்போவுக்கு வந்து மலாய் மொழியில் மனம் திறந்து பேசு என்றால் வருவாரா? தமிழ்ப்பள்ளி மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில், பயிற்சி பெற்ற ஆலோசகரைக் கொண்டு தமிழிலேயே சில மாதங்கள் தொடர்ந்து வகுப்பு நடத்தலாம். மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சமாதானம் பேசக்கூடாது. வீட்டு நிலவரத்தை மனைவியிடம் தனியாகத்தான் கேட்க வேண்டும். கணவர் வகுப்புக்கு வந்தார் என்பதற்காகப் போலீஸ் புகாரை மீட்டுக்கொள்ளச் சொல்லவும் கூடாது.

தோட்ட வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்